வட்டு எழும்பும் வரை

போர்க்காலத்தில் திருகோணமலைக் கடலில் தொழில் செய்ய, படம் பதித்த அனுமதி அட்டை வேண்டும். மீனவர் சங்கமொன்றில் அவ்வட்டைகளை அச்சிடும் கணினி என் பொறுப்பில் இருந்தது. படங்கள் யாவும் கணினிக்கு வெளியே, தனிப் பெட்டியொன்றில் சுழலும் வட்டுகளில் இருந்தன. மின்வெட்டு நேரும்போதெல்லாம் கணினி அப்பெட்டியோடு தொடர்பை இழந்துவிடும். மறுபடி இணைத்தால், பதிவுகளைச் சரிபார்த்து முடிக்க அரைநாள் செல்லும். அதற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிடும்.

அட்டை காலாவதியான கிண்ணியா முஸ்லிம் மீனவர் ஒருவர் நாள்தோறும் வந்து கதிரையில் அமர்ந்து காத்திருந்தார். அவர்கள் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில் அவரைக் ‘காக்கா’ என்பேன். புதியது கிடைக்கும்வரை அவர் தோணியை இறக்க முடியாது.

“என்ன தம்பி, உங்கட பெட்டி இன்னும் எழும்பல்லியா?”

“எழும்புது காக்கா. திரும்பப் படுக்குது.”

“என்ட மருமகனும் அப்பிடித்தான்.”

சிரித்தபின், நான் சொன்னது உண்மைதானா என்ற ஐயம் எழுந்தது. அடுத்த மின்வெட்டில் சங்கத்தின் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் பெட்டியில் காதை வைத்தேன். வட்டின் இரைச்சல் மெல்ல ஏறி, பாதியில் அறுந்து, அடியிலிருந்து மீண்டும் ஏறியது. அதே இணைப்பிலிருந்த மின்விசிறியோ சீராகச் சுழன்றது. அப்படியானால் வட்டை இடையில் நிறுத்துவது யார்?

பெட்டியோடு கணினியைப் பேசவைக்கும் ‘டிரைவர்’ மென்பொருளின் மூலநிரலைத் திறந்தேன். வட்டிலிருந்து உரிய நேரத்தில் மறுமொழி வராவிட்டால், அது வட்டை முதலிலிருந்து தொடங்கச் செய்தது. சிலமுறை அவ்வாறு செய்தபின், வட்டு பழுதென்று கைவிட்டது. அதை எழுதியவர்களின் ஊரில் கணினியும் பெட்டியும் ஒன்றாக அணைந்து ஒன்றாக விழிக்கும் போலும். எங்களிடம் அப்படியன்று. சோதனைச் சாவடிகளைத் தாண்டி பற்றரி கொண்டுவருவது பெரும்பாடு என்பதால், இருந்த சிறு பற்றரியைக் கணினிக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பெட்டியை ஜெனரேட்டரோடு பிணைத்திருந்தோம். கணினி விழித்திருந்து, பாதி எழும்பிய வட்டைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

திருத்தம் சிறியது. தள்ளுமுன், வட்டின் நிலையைக் கேட்க வேண்டும். “எழும்பிக்கொண்டிருக்கிறேன்” என்று அது சொன்னால் பொறுத்திருக்க வேண்டும். எவ்வளவு பொறுப்பது என்பதே கடினமான கேள்வி. உண்மையிலேயே செத்த வட்டுக்காகக் கணினி முடிவின்றிக் காத்திருக்கக் கூடாதல்லவா? ஜெனரேட்டரின் நலிந்த மின்சாரத்தில் வட்டு எவ்வளவு மெதுவாக எழும்புகிறது என்று அளந்து, அதற்குச் சற்றுக் கூடுதலாக வரம்பு வைத்தேன்.

மறுநாட்காலை சரிபார்ப்பு தொடங்கியது.

“இப்ப கரண்ட் போனா?” என்றார் கதிரையிலிருந்த மீனவர்.

“அதைத்தான் பார்க்கோணும்.”

“உங்களுக்குப் பாக்க ஆசை. எனக்கு அட்டை வந்தாப் போதும்.”

சரிபார்ப்பு பாதியைத் தாண்டியபோது மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் உறுமியது. இரைச்சல் ஏறியது, வழக்கமாக அறுபடும் இடத்தையும் கடந்து ஏறி நிலைத்தது. திரையில் சரிபார்ப்பு, விட்ட இடத்திலிருந்து நகர்ந்தது.

பிற்பகலில் அட்டையை அவரிடம் நீட்டினேன். படத்தை ஒருமுறை பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்தார்.

“குடிச்சிட்டுப் போங்கோ காக்கா, தேத்தண்ணி வருது.”

“ஏலாது தம்பி. வலை இன்னும் தோணிக்கு ஏத்தல்ல.”