குப்பம்மாள் பெயர் போட்ட பொடி

என் தங்கை குப்பம்மாளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனாலும் ஐந்தருவியில் தார்ப்பாய் விரித்து எண்ணெய் விற்கத் தொடங்கி, இன்றைக்குக் குற்றாலத்தில் சொந்தக் கட்டிடத்தில் குளியல் பொடி தயாரிக்கிறேன். பெரிய பெரிய அதிகாரிகள் வீட்டுப் பெண்கள்கூட அருவிக்கு வந்தால், பலவேசம் கடை எங்கே என்று விசாரித்துத்தான் வருவார்கள். இதைச் சொல்லாவிட்டால் அவள் கதை விளங்காது.

கடையம் பக்கம் எங்கள் ஊர். எனக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் அப்பா தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டினார். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துவந்து, “குப்பையில கெடந்துச்சு, நீ வச்சுக்கோ” என்று அம்மா கையில் கொடுத்தாள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவான் என்பது கணக்கு. விட்டுவிட்டான். குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள்.

உயிர் தங்கியது, பெயர்தான் படுத்தியது. பள்ளிக்கூடத்தில் குப்பைவண்டி என்றார்கள். வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்தபோது மாமியார்க்காரி அவள் பெயரை லட்சுமி என்று மாற்றிவிட்டாள். புருஷன் தவறிய பிறகு என்னிடம் வந்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் பொடி அரைப்பதும் சலிப்பதும் அவள்தான்.

பாக்கெட்டுக்குப் பெயர் வேண்டும் என்றபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் யாரிடமும் யோசனை கேட்டுப் பழக்கமில்லாதவன். ‘குப்பம்மாள் குளியல் பொடி’ என்று அச்சடித்து, அவள் படத்தையும் போடச் சொன்னேன். அவள் அதில் ஒன்றைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

“ஏட்டி, தென்காசி பஸ்ஸுல கண்டக்டர்கிட்டல்லாம் காட்டுதியாமே?”

“கூடப் படிச்சவ ஒருத்தி முன் சீட்டுல இருந்தா. அவ காதுல விழட்டும்னு கண்டக்டர்கிட்ட காட்டுனேன்.”

இந்தச் சந்தோஷத்தில்தான் மண் விழுந்தது. என் மகன் விஜய்பாண்டி சென்னைக் கம்பெனி ஒன்றோடு பேசி, செல்போனில் பார்த்து வாங்கும்படி ஏற்பாடு செய்திருந்தான். பொடியில் பெரும்பகுதி அங்கேதான் போகும். போன சீசனில் எவளோ ஒரு பெண் எங்கள் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி வீடியோ போட்டுவிட்டாள். ‘கருத்த பெண் முகத்தைப் போட்டு, கீழே குப்பை என்று எழுதியிருக்கிறார்கள். அதைத்தான் நாம் பூசிக்கொள்ள வேண்டுமாம்’ என்றாள். அவளையும் நான் குறை சொல்லமாட்டேன். நிறத்தைச் சொல்லி நம் வீடுகளில் பெண்பிள்ளைகளைப் படுத்துகிற பாடு எனக்கும் தெரியும். ஆனால் ஊர் உலகமெல்லாம் சேர்ந்துகொண்டு எங்களைத் திட்டியது.

கம்பெனியிலிருந்து உமாசங்கர் என்கிற பையன் போனில் பேசினான். “பேரை மாத்திட்டு ஒரு மன்னிப்பு போட்ருங்க சார். முடிஞ்சிரும்.”

“அது என் தங்கச்சி பேரு தம்பி. பேருக்கு எதுக்கு மன்னிப்பு?”

“எனக்குப் புரியுது சார். பாக்கறவங்களுக்குப் புரியணுமே.”

புரிய வைக்கலாம் என்று நினைத்தேன். எத்தனை பஞ்சாயத்தை ஒரே பேச்சில் முடித்தவன் நான். பேச வேண்டியவளே பேசட்டும் என்று குப்பம்மாளை உட்காரவைத்தோம். பொங்கல் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, “எம் பேரு குப்பம்மாள். நான் பொழச்சுக் கெடக்கணும்னு வச்ச பேரு. இதுல கேவலம் ஒண்ணும் இல்ல” என்றாள். விஜய்பாண்டி அதை வீடியோ எடுத்துப் போட்டான்.

சாயங்காலத்துக்குள் இன்னும் மோசமாகிவிட்டது. வீடியோவுக்குக் கீழே வந்ததை வாசிக்கச் சொல்லி அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ‘பாவம், மிரட்டிப் பேச வைத்திருக்கிறார்கள்.’ ‘வேலைக்காரி பெயரை வைத்துப் பிழைக்கிறான்.’ அதற்குமேல் அவன் வாசிக்கவில்லை.

“மிச்சத்தையும் படில.”

“வேண்டாம் அத்தை. தெரியாம சொல்லுதாங்க.”

“நாந்தானே பேசுதேன். என் வாயை நம்பலன்னா வேற யாரு வாயை நம்புவாவ?”

அவன் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பெயர் மாறுகிறவரை சரக்கு எடுக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. பொடி கட்டுகிற பெண்கள் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மூடினாலும் மூடுவேன், மாற்றமாட்டேன் என்று நான் சத்தம் போட்டேன். என் சத்தத்துக்கு அடங்காத ஆள் இந்தப் பஜாரில் கிடையாது. அவள்தான் அடங்கவில்லை.

“மூடிட்டு? இந்தப் பொம்பளைங்கல்லாம் எங்க போவாவ? மாத்துண்ணே.”

‘அருவித்துளி’ என்று உமாசங்கரே ஒரு பெயர் வைத்தான். மன்னிப்பும் அவர்களே எழுதி அனுப்பினார்கள். ‘மனம் புண்பட்ட பெண்கள் அனைவரிடமும்’ என்று விஜய்பாண்டி வாசித்தான்.

“ஏல, அந்த அனைவர்ல நானும் உண்டா?” என்று கேட்டாள். அவன் அடுத்த வரிக்குப் போய்விட்டான்.

ஏற்கெனவே கட்டிவைத்த பாக்கெட்டுகளில் பழைய பெயரையும் படத்தையும் மறைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பெண்கள் சொல்லியும் கேட்காமல் அவளே உட்கார்ந்துவிட்டாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. எதிலும் ஈரம். ஒட்டினது ஓரத்தில் கிளம்பிக்கொண்டே வந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

“அண்ணே, இது நிக்கமாட்டேங்குது. உள்ள இருக்கது தெரியுது. நல்ல பசையா வாங்கிட்டு வா.”

நான் வண்டியை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போனேன்.