பூஜை நூலுக்கு அடியில் இருந்த விரிசல்

நம் பழைய காரைப் பற்றிக் கேட்டீர்களே, சொல்கிறேன். அப்போது நாங்கள் ஹௌரா பக்கம் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். உங்களில் மூத்தவன் அம்மா வயிற்றில் இருந்தான். பிரசவத்துக்குச் சொல்லி வைத்திருந்த ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஹௌரா பாலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும், அதில் நெரிசல் இல்லாத நாளே கிடையாது. நம் காரோ ஓடும்வரை ஓடும். நெரிசலில் நின்றால் எஞ்சின் அணைந்துவிடும்.

ஒருமுறை டாக்டரைப் பார்க்கப் போனபோது பாலத்தின் நடுவில் திரும்பத் திரும்ப அணைந்தது. பின்னால் டிராம் மணி அடிக்கிறது, லாரிக்காரன் கத்துகிறான். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இறங்கும்போதுதான், "வலி வந்தா இதுலதான் போகணுமா?" என்று கேட்டாள்.

அதைச் சரிபண்ணாமல் விடுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தேன். பக்கத்து வீட்டு வங்காளி தாதா டீ கிளாசோடு வந்து நின்றார். அங்கே ஒருவரையொருவர் தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்.

"ஹோபே நா," என்றார். ஆகாது என்று அர்த்தம். "கார்பரேட்டரைத் தூக்கிப் போடுங்க தாதா."

கார்பரேட்டரை முன்பே கழற்றித் துடைத்திருந்தேன். கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றினால் எஞ்சின் கத்தும், இறக்கினால் அணையும். எங்கிருந்தோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது என்று தோன்றியது. பெரிய படிப்பு எனக்கில்லை. ஆனால் ரயில்வே யார்டில் என் வேலையே ரயில் பெட்டிகளுக்கு நடுவே தொங்கும் பிரேக் குழாய்களைப் பார்ப்பதுதான். எஞ்சினைப் போலவே அதிலும் காற்றை உறிஞ்சி எடுத்துத்தான் பிரேக் வேலை செய்யும். சின்ன ஓட்டை இருந்தால் போதும், பிரேக் பிடித்துக்கொண்டு ரயில் நகராது. சோப்பு நுரையைப் பூசுவோம். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை உள்ளே போய்விடும்.

எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு குழாயாக, ஒவ்வொரு மூட்டாக நுரை பூசினேன். எங்கும் நுரை அப்படியே நின்றது. மறுபடி முதலிலிருந்து பூசினேன்.

"ஹோபே நா," என்றார் தாதா மறுபடியும். பிறகு எட்டிப் பார்த்துச் சிரித்தார். "விஸ்வகர்மா பூஜைப் பூவை நாங்க அன்னிக்கே கங்கையில விட்டாச்சு. உங்க சாமி இன்னும் எஞ்சின்லயே குடியிருக்காரா?"

நமக்கு ஆயுத பூஜை போல அவர்களுக்கு விஸ்வகர்மா பூஜை. அவர் காட்டியது ஆயுத பூஜைக்கு அம்மா எஞ்சினில் கட்டிய சாமந்தி மாலையை. பூ உதிர்ந்துபோய் நூல் மட்டும் எஞ்சினுக்குள் போகும் மெல்லிய ரப்பர் குழாயின் நுனியில் சுற்றியிருந்தது. பூஜையில் கட்டியதை அறுக்கக் கூடாது, தானாக விழவேண்டும் என்பது அம்மா வீட்டு வழக்கம். அதன்மேல் சோப்பு படவேண்டாம் என்று நானும் அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பூசிக்கொண்டிருந்தேன்!

ஜன்னலில் நின்றிருந்த அம்மா பிளேடோடு இறங்கி வந்தாள்.

"அறுங்க."

"உங்க வீட்டு வழக்கம்..."

"சாமி கோச்சுக்காது. பாலத்துல நின்னா நான் கோச்சுப்பேன்."

நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தள்ளி நின்றாள். நான் அறுத்தேன். நனைந்து காய்ந்து இறுகிய நூல் ரப்பரைக் கடித்திருந்தது. அதன் அடியில் நகத்தளவு விரிசல். "உஸ்" என்று சத்தம் வந்தது. விரலை வைத்து அழுத்தினேன். எஞ்சின் உதறலை நிறுத்தியது. எடுத்தேன், மறுபடி உதறியது.

எஞ்சினை அணைத்து, விரிசல் நுனியை வெட்டிவிட்டு, மிச்சக் குழாயை இழுத்துச் செருகினேன். நல்லவேளை, நீளம் எட்டியது. கம்பியால் இறுக்கிக் கட்டி எஞ்சினைக் கிளப்பி, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். தாதா தன் டீ கிளாசை மட்கார்டின்மேல் வைத்துப் பார்த்தார். டீ நடுங்கியதே தவிரச் சிந்தவில்லை.

"ஹோயே கேச்சே!" என்று அவரே கத்தினார். முடிந்தது என்று அர்த்தம்.

அம்மாவுக்கு அது போதவில்லை. "பாலத்துக்குப் போய்ப் பாத்துடலாம்," என்று ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பாலத்தில் வழக்கமான நெரிசல். முன்னால் டிராம் நின்றது, நாங்களும் நின்றோம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. டிராம் நகரும்வரை அம்மா காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கம் போய் வீட்டுக்குத் திருப்புங்க. இனிமே வலி வரட்டும்."