முழுக்கைச் சட்டையோடு ஓடியவள்

மாகறல் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் புரண்டு, பஸ் நின்றுபோய், வலி எடுத்த ஒருத்தியை டிராக்டரில் ஏற்றிச் சுற்று வழியில் கொண்டுபோனார்களே, அந்த ஐப்பசியில் நடந்தது இது. டிராக்டர் ஓட்டியவன் என் சகலை மகன். பிள்ளை வழியிலேயே பிறந்துவிட்டது என்பார்கள். இல்லை, ஆஸ்பத்திரி வாசலில்தான் பிறந்தது. அது கிடக்கட்டும்.

என் பேத்திக்கு அப்போது பதினாறு வயது. எண்ணூறு மீட்டர் ஓடுவாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பெண்களை மாவட்டப் போட்டிக்கு எடுப்பார்கள். அங்கே ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் சோறு போட்டுப் படிக்க வைப்பார்கள். அந்த இரண்டில் ஒருத்தியாக வேண்டும், அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அப்பன் வெளியூரில் கட்டட வேலை. அம்மா ஐந்து மணிக்கே கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். ஆகவே காலையில் அவளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்து ஏரிக்கரைக்கு ஓட அனுப்புவது என் வேலை. ஈர ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து அடுப்போரம் வைப்பேன்.

மழை பிடித்ததும் பி.டி. வாத்தியார் வீட்டுக்கே வந்து சொன்னார்: "மெல்லிசு நைலான் பனியன், அரை டிராயர், அவ்ளோதான் பெரியவரே. பருத்தி தண்ணிய குடிச்சிக்கினு வுடாது. ஓடி முடிச்சதும் காஞ்ச துணி குடுங்க."

நாலு நாள் அப்படியே அனுப்பினேன். ஐந்தாம் நாள் டீக்கடையில் ஒருவன், நான் காலமெல்லாம் ஏர் ஓட்டிய நிலத்துக்காரன், கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டான்: "இன்னா பெர்சு, பேத்திய நனைய வுட்டு ஊருக்கு காட்டிக்கினு கீறியா? வூட்ல துணி இல்லியா?"

நாலு பேர் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சிரித்துவிட்டு வந்தேன். இதே ஆளின் வயலில் என் பெண்டாட்டி முழங்காலுக்கு மேல் சேலையைச் செருகிக்கொண்டு, கொட்டுகிற மழையில் நாற்று நட்டிருக்கிறாள். அப்போது துணி ஒட்டியது யார் கண்ணிலும் படவில்லை. அது அவன் நெல். இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் என் முழுக்கைச் சட்டையை எடுத்துப் பனியனுக்கு மேல் மாட்டிவிட்டேன்.

"தாத்தா, இது நனைஞ்சா கல்லாட்டம் கனக்கும். சார் சொன்னத கேட்டல்ல?"

"சார் வூட்டு பொண்ணா ஓடுது? போட்டுக்கினு ஓடு. இல்ல, வூட்ல குந்து."

போட்டுக்கொண்டு ஓடினாள். அக்குளில் தோல் உரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி ஓடினாள்.

ஆள் எடுக்கிற நாள் காலையிலேயே வானம் கறுத்திருந்தது. "இன்னைக்கு ஒரு நாளு வுட்டுடு தாத்தா" என்று கேட்டாள். கெஞ்சக்கூட இல்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"இன்னைக்கிதாம்மா ஊரே வருது. இன்னைக்கி போடாம?"

பள்ளிக்கூட மைதானத்தில் நாலு சுற்று. இரண்டாம் சுற்றில் மழை இறங்கியது. மூன்றாம் சுற்று வரைக்கும் இரண்டாவதாக வந்தாள். அதற்குள் சட்டை தொடையைச் சுற்றிக்கொண்டது, கை நீண்டு விரலை மூடியது. ஓடிக்கொண்டே அதை மேலே மேலே இழுத்துவிட்டாள். கடைசி வளைவில் ஒரு பெண் தாண்டினாள், ஒரு முழத் தூரம்தான். இவள் மூன்றாவது.

வாத்தியார் முதல் இரண்டு பேரின் பெயரை எழுதிக்கொண்டார். அவள் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பிழிந்தேன், பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் சாயங்காலமே முடிவு சொல்லிவிட்டார்கள்: "அவ தெம்பு அவ்ளோதாம்பா."

இப்போது அம்மாவோடு அதே வேனில் போகிறாள். என்னோடு பேசுகிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். ஓட்டத்தைப் பற்றி மட்டும் பேச்சில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு எழுதத் தெரியாது, அதனால் உங்களிடம் சொல்கிறேன். காவாந்தண்டலம் பக்கம் போனால், புள்ளலூர் பக்கம் போனால், மழையில் ஓடுகிற பெண் இருக்கிற வீட்டில் சொல்லுங்கள். மெல்லிசாகப் போட்டு அனுப்பட்டும், உலர்ந்த துணியோடு கரையில் நிற்கட்டும், டீக்கடையில் எவனாவது கேட்டால் திருப்பிக் கேட்கட்டும். சீக்கிரம் சொல்லுங்கள், மழை ஆரம்பித்துவிட்டது.