கமலம் கீறிய புகையிலைக் கோடு

அது இரண்டாம் உலக யுத்தகாலம். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுச் சுவரில், என் கணவரின் தம்பி மனைவி கமலம் புகையிலை விலையை வரைபடமாகக் கீறி ஒட்டியிருந்தாள். கோடு பனை மாதிரி நிமிர்ந்து நின்றது.

"பிள்ளையின்ரை மூளையைப் பாருங்கோ! இந்தமுறை குரக்கன் காணியிலையும் புகையிலைதான்," என்றார் மாமா, என் கணவரின் தகப்பன். குரக்கன் என்பது கேழ்வரகு, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று விதைப்பது.

நானும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. வயிறு எரிந்தது. அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தத் தாளில் பிழை தேடினேன். ஒருநாள் அகப்பட்டது. தாளின் ஓரத்தில் எழுதிய விலைகள் அடியில் பூச்சியத்தில் தொடங்கவில்லை, முப்பது ரூபாயில் தொடங்கியிருந்தன. உண்மையில் ஏறியது இரண்டே ரூபாய்!

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து அதைச் சொன்னேன். அவள் முகம் கறுக்கும் என்று காத்திருந்தேன்.

கமலம் எழுந்து போய்ப் பார்த்தாள். "ஓம் மாமா, அக்கா சொல்லுறது சரி. தாள் நீளம் காணாதெண்டு அடிப்பக்கத்தை விட்டிட்டன். முழுக்கக் கீறினால் கோடு படுத்துக் கிடக்கும். குரக்கனை விடாதேங்கோ."

மாமா நெகிழ்ந்துபோனார். "தன்ரை பிழையை இப்பிடி ஒத்துக்கொள்ள ஆருக்கு மனம் வரும்!"

பிழையைக் கண்டுபிடித்தவள் நான். புகழ் அன்றும் அவளுக்குத்தான்.

இன்றும் எந்த விலைப்படத்தைக் கண்டாலும் என் கண் முதலில் அடிப்பக்கத்துக்கே போகிறது. அந்தப் பார்வையைத் தந்தது பொறாமைதான்.

அந்த வருடம் அரிசி கிடைக்காத நாட்களில் வீடே குரக்கன் பிட்டில் பசியாறியது. பரிமாறும்போதெல்லாம் கமலம், "உது அக்காவின்ரை கெட்டித்தனம்," என்பாள். அப்போதுதான் அந்தப் பிட்டு எனக்குத் தொண்டையில் சிக்கும்.