எந்தமாடி கப்பலில் அறை எடுத்த கதை

அவரை எல்லோரும் 'எந்தமாடி' என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கியவர். உள்ளே நுழைவது முதலாளியோ தபால்காரரோ, அவர் கேட்டது அந்த ஒரே கேள்விதான். அவர் ஏறிய உயரத்தையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் நிலாவுக்கே போய், அங்கே இருப்பவர்களையும் "எந்த மாடி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். பக்கவாட்டில்தான் மனிதர் எங்கேயும் போனதில்லை.

ஓய்வு பெற்ற கையோடு, மனைவியைத் தீவுகளுக்கு அழைத்துப்போவது என்று தீர்மானித்தார். ஊரையே ஏற்றிக்கொள்ளும் ராட்சதக் கப்பல் அல்ல. பத்தே அறைகள் கொண்ட சின்னக் கப்பல். தீவு தீவாக நின்று போகும். மனைவி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"சாப்பாடு எப்படி இருந்தாலும் சரி. கண்ணைத் திறந்தா, படுத்த இடத்துலேருந்தே எனக்குத் தண்ணி தெரியணும்."

கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்கள் வீட்டின் ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். நடுவே இருந்த இடுக்கில் வெயில்கூட உடம்பை ஒருக்களித்துக்கொண்டுதான் வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவரின் விரிசலைப் பார்த்தே தலை வாரியவள் அவள்.

எந்தமாடி பயண அலுவலகத்துக்குத் தனியாகப் போனார். புக்கிங் செய்யும் பெண் கப்பலின் படத்தை மேசைமேல் விரித்தாள்.

"மேல் தளத்துக்கு எப்படிம்மா போறது?"

"படிதான் சார். கொஞ்சம் செங்குத்தா இருக்கும்."

"லிஃப்ட்?"

"இத்துனூண்டு கப்பல்ல லிஃப்டை எங்க சார் வைக்கிறது?"

அவர் முகம் தொங்கிப்போயிற்று. மனைவிக்கு முழங்கால் வலி வேறு. ஆகவே கீழ்த்தள அறைகளைக் காட்டச் சொன்னார். சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டி ஓர் அறை: நாலு பக்கமும் பளபளவென்று மரச்சுவர், கூரையில் ஒரு விளக்கு, ஒரு குட்டி மின்விசிறி. பார்த்ததும் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. "இதையே போட்டுடும்மா!" என்றார்.

வீட்டுக்கு வந்து கைபேசியில் படத்தைக் காட்டினார். மனைவி அதை விரலால் இழுத்துப் பெரிதாக்கி, மூலைமூலையாகத் தேடினாள்.

"ஜன்னல் எங்கங்க?"

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதவு இருக்கே."

"கதவைத் திறந்தா?"

"சாப்பாட்டுக் கூடம்."

"படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேனே! கடைசியில லிஃப்டையே வாடகைக்கு எடுத்துட்டு வந்திருக்கீங்க!"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மூடிய பெட்டிக்குள்ளேயே ஆயுளைக் கழித்தவருக்கு, அறை என்றால் ஜன்னல் இருக்கும் என்ற நினைப்பே எழவில்லை.

மறுநாள் இருவருமாகப் போய் நின்றார்கள்.

"ஜன்னல் அறை ஒண்ணுதான் பாக்கி. மேல் தளம். வேற ஒருத்தரும் கேட்டிருக்காங்க, இப்பவே சொல்லணும்" என்றாள் புக்கிங் பெண். "கப்பல் இப்போ தீவுப் பக்கம்தான் இருக்கு. சமையல்காரரை அறையைக் காட்டச் சொல்றேன், பாருங்க."

கைபேசியில் முதலில் சமையல்காரரின் தாடை வந்தது. பிறகு படிகள், மூச்சிரைப்பு, ஒரு கதவு. அதற்கப்புறம் ஜன்னல்.

எந்தமாடி தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஜன்னல் முழுக்கத் தண்ணீர். இங்கே பச்சை, அங்கே நீலம், இரண்டும் சேரும் இடத்துக்கு எந்த மொழியிலும் பேர் வைத்திருக்க மாட்டார்கள். ஓர் ஓரத்திலிருந்து, சத்தமே இல்லாமல், தீவு ஒன்று உள்ளே நுழைந்தது. மரங்களோடும் பாறைகளோடும் மேலே வட்டமிடும் பறவைகளோடும் மெல்ல முகத்தைத் திருப்பிக் காட்டியது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. அதுவாகவே வந்தது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "நாம போறப்பவும் அது இருக்குமாம்மா?"

"தீவும்மா. எங்கயும் போகாது."

"படி ஏறணுமே, கால் தாங்குமா?" என்றார் எந்தமாடி.

"ஒரே தடவை ஏறிடறேன். அப்புறம் கப்பல் திரும்பற வரைக்கும் இறங்க மாட்டேன். சாப்பாட்டை நீங்க தூக்கிட்டு வாங்க. ஊரான் பொண்டாட்டியையெல்லாம் மேல கொண்டுபோய் விட்டீங்களே, கட்டினவளுக்கு இதுகூடவா செய்ய மாட்டீங்க?"

"தீவுல இறங்கிப் பாக்க வேண்டாமா?"

"இறங்கறவங்க இறங்கட்டும். எனக்கு இது போதும்."

புக்கிங் பெண் சிரித்துக்கொண்டே பெயரைப் பதிந்தாள். "ஆச்சு சார். போனை வெச்சிடலாமா?"

இருவரும் கைபேசிமேல் இன்னும் குனிந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் இரண்டாவது தீவு தலைகாட்டியிருந்தது.

"அம்மா, அடுப்புல வெச்சது தீயுது!" என்று கைபேசிக்குள்ளிருந்து சமையல்காரர் கெஞ்சினார்.

"கொஞ்சம் இருங்க தம்பி" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "அது முழுசா வந்துடட்டும்."