திட்டி எழுதிய வழிகாட்டி

கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய், ஓர் இலவச மென்பொருளுக்குத் தமிழில் உதவிப் பக்கம் எழுதினேன். டாக்புக் என்ற ஆவண வடிவத்தின் குறிகளுக்குள் எழுத வேண்டும். மென்பொருள் குழு தந்த வழிகாட்டியின்படி செய்தும் பக்கம் உருவாகவில்லை. உருவானால்தான் அடுத்த பதிப்பில் தமிழ் இருக்கும்.

"இன்னாப்பா, கீபோர்டை ஒடைச்சிடுவ போலகீதே!" என்றார் கடைக்கார பாய்.

எங்கெங்கே சிக்கினேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டி, மென்பொருள் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். துரத்திவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

குழுவிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண் பதில் எழுதினார்: "வழிகாட்டியில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. யாரும் இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. திட்டை எடுத்துவிட்டு, உங்கள் கடிதத்தையே புது வழிகாட்டியாகப் போடலாமா?"

அந்தப் படியையும் சொல்லியிருந்தார். செய்தேன், தமிழ்ப் பக்கம் திரையில் வந்தது. கடிதத்தைப் போடச் சம்மதித்துப் பதில் எழுதினேன்.

"என்னியுந்தான் தெனம் திட்டிக்கினு கீற. அதையும் போடு!" என்று, நான் படித்துக் காட்டிய பதிலைக் கேட்டுப் பாய் சிரித்தார்.

இன்றும் திட்டத்தான் செய்கிறேன். ஆனால் எங்கே சிக்கினேன் என்பதை விடாமல் எழுதிவிடுகிறேன்.