ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

என் வயிற்றில் ஒரு சேதியும் தங்காது என்பது மைசூரில் எங்கள் கோயிலுக்கு வருகிற தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் தெரியும். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தவள் நான். தப்பைக் கண்டால் அங்கேயே சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிரசங்கத்தில் பிழை இருந்தால் சுவாமியாரிடமே போய்ச் சொல்லியிருக்கிறேன், அவரும் பொறுத்துக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் புருஷன் தானிய மண்டியில் எடை போடுகிறவர். மண்டிக்குப் பின்புறமே வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் கோயில் மதில் ஓரமாக நின்று ஒரு வாரத்துச் சேதியைப் பேசித் தீர்ப்போம். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்கு வேலை மாற்றல் வந்தது, யார் மாமியார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் வரும். அதில் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. கெட்ட சேதியை முதலில் சொல்லிவிட வேண்டும், நல்லதைக் கடைசியில். அப்போதுதான் சிரித்த முகமாக வீட்டுக்குப் போகலாம் என்று அவள்தான் இதைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அந்த முறை மாறியதில்லை.

அந்த வருஷம் பெங்களூரில் பிளேக் வந்திருந்தது. மைசூருக்கு வராது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனாலும் நோய் கண்ட வீட்டாரை ஒதுக்கி வைக்க, சர்க்கார் ஊருக்கு வெளியே கொட்டகைகள் போட்டு வைத்திருந்தது. சந்தைப் பக்கம் ஒரு வீட்டில் காய்ச்சல் என்று தெரிந்ததும், அங்கிருந்தவர்களைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, வெயில் உள்ளே விழட்டும் என்று கூரை ஓட்டைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்த வழியாகப் போகும்போது நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடையை எட்டிப்போடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் என் சிநேகிதியின் ஒரே மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது, முன்பே ஒரு தடவை ஓலை நின்றுபோனவள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சுவாமியார் கேட்பார். அதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். முன்பு பேசிய மாப்பிள்ளை வீட்டார் இரண்டாவது ஓலைக்குப் பிறகு காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண் கோயிலில் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவாள். அவளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் ஒளிந்து உட்காருவதைப் பார்த்தால் எனக்கு ஊரின் மேலேயே கோபம் வரும்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு அவள் அம்மா மதிலோரம் வந்து நின்றாள்.

“கெட்டதை முதல்ல சொல்லிடறேன் அக்கா. எலி. கல்யாணப் பொடவை ஓரத்தைக் கடிச்சு வச்சிருக்கு. மண்டி எலிங்க எல்லாம் எங்க வீட்லதான் குடித்தனம் பண்ணுது. ஒரே பேஜார்.”

“பூனை வளக்கச் சொன்னேனே.”

“வளத்தேன். அதுவும் மண்டிக்கே போயிடுச்சு. அங்கதானே அதுக்கு ராஜபோகம்.”

நல்ல சேதி, ஓலை வாசித்தது. அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

இரண்டாவது ஞாயிறு கெட்ட சேதி பெரிதாக ஒன்றுமில்லை, அவள் புருஷனுக்கு முழங்கால் வலி. நல்ல சேதியைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“எலித் தொல்லை விட்டுது அக்கா. தன்னாலயே சாவுது. பட்டப்பகல்ல கூடத்துக்கு நடுவுல வந்து குடிகாரன் மாதிரி தள்ளாடிச்சு, அப்படியே விழுந்துடுச்சு. நேத்து மட்டும் நாலு. பொண்ணுதான் வாலைப் புடிச்சுத் தூக்கிப் போட்டா.”

“மாதாவே மருந்து வச்சிருப்பா,” என்றேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெங்களூரில் ரயில்வேயில் வேலை பார்த்த என் தம்பி எழுதியிருந்தான். முதலில் எலிகள் சாகும், பிறகுதான் மனிதர்கள். எலி செத்து விழுந்தால் அன்றைக்கே வீட்டை விட்டு வெளியேறிவிடு, பாத்திரம் பண்டம் என்று நிற்காதே. இதை மட்டும் இரண்டு தடவை எழுதியிருந்தான். கடைசி மணி அடித்ததும் நான் நேராக என் சிநேகிதி வீட்டுக்குப் போனேன்.

அவள் மகள் கொல்லையில் அதிரசத்துக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைத் தாழ்ந்த குரலில் படித்துக் காட்டினேன். உலக்கைச் சத்தம் நிற்கவே இல்லை. சிநேகிதி கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“யார்கிட்டயாச்சும் சொன்னியா அக்கா?”

“இன்னும் இல்ல. நீங்க இன்னிக்கே கிளம்பி என் வீட்டுக்கு வந்துடுங்க.”

“கல்யாண வீட்டைப் பூட்டிட்டு எங்க போனாங்கன்னு ஊரு கேக்காதா? கேட்டா ஆளுங்க வந்து கூரையைப் பிரிப்பாங்க. எங்களைக் கொட்டகையில போடுவாங்க. கோலார்க்காரங்க ரயிலடியோட திரும்பிடுவாங்க. ரெண்டாவது தடவையும் ஓலை நின்னா என் பொண்ணை யாரு கட்டுவா?”

தம்பி இரண்டு தடவை எழுதியிருந்த வரியை நான் விரலால் தொட்டுக் காட்டினேன்.

“இங்க யாருக்கும் காய்ச்சல் இல்ல, பாத்துக்க. புதன்கிழமை கல்யாணம். ஆறே நாள். ஸ்வல்ப பொறுத்துக்க அக்கா. இந்த ஆறு நாளை மட்டும் எனக்குக் குடு.”

அப்போது அவள் மகள் முகமெல்லாம் மாவாக உள்ளே வந்தாள். “பெரியம்மா, இருங்க. மொதல் அதிரசம் உங்களுக்குத்தான்,” என்றாள். அவள் அப்படி வாய்விட்டுப் பேசி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நான் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு அந்தக் கடிதம் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. சுவாமியார் இரண்டு பெயரையும் வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். மற்ற நாளில் அந்தக் கேள்வி ஒரு மூச்சில் போய்விடும், யாரும் காதில்கூட வாங்க மாட்டார்கள். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதாகவே எனக்குப் பட்டது. பெண் தூணை விட்டு வெளியே வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், தலையில் முல்லைப்பூ. அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவாமியார் புத்தகத்தை மூடினார்.

மதிலோரத்தில் சிநேகிதி கடைசிச் சேதியாக, “ரெண்டு நாளா ஒரு எலிகூட இல்ல அக்கா, சத்தமே இல்ல. வீடு சுத்தமாயிடுச்சு. நீ சும்மா பயந்துட்டே,” என்றாள். எனக்கு நம்ப வேண்டும் போல் இருந்தது, நம்பினேன்.

புதன்கிழமை கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. நான் வாங்கிப்போன வளையலை மாட்டப் பெண்ணின் கையைப் பிடித்தேன். கை கொதித்தது.

“காய்ச்சலாடி?”

“இல்ல பெரியம்மா. காலையிலேர்ந்து பட்டினி இல்லையா, அதான்.”

ரயிலடிக்குப் போக வண்டியில் ஏறும்போது இடது காலை இழுத்து இழுத்து வைத்தாள். புதுச் செருப்பு கடிக்கிறது என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை காலை நொண்டினால் விடுவேனா? உட்காரவைத்துப் பார்க்காமல் நகர மாட்டேன். அன்றைக்கு ஒதுங்கி நின்று வண்டிக்கு வழிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு என் சிநேகிதி பூசைக்கு வரவில்லை. முடிந்து வெளியே வந்தால், மதிலோரம் எங்கள் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்தன்று கட்டிய அதே புடவை, அவிழ்ந்த தலை. நான் பக்கத்தில் போனதும் சேதி சொல்ல ஆரம்பித்தாள்.

“கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது அக்கா. தாலி கட்டறப்ப அவ சிரிச்சா, பாத்தியா? மாப்பிள்ளை தங்கமான புள்ள. ரயில்ல அவளுக்கு ஜன்னல் ஓரமா இடம் புடிச்சுக் குடுத்தாரு.”

பன்னிரண்டு வருஷத்தில் அவள் நல்ல சேதியை முதலில் சொன்னதே இல்லை. போதும், சொல்லாதே என்று கத்த வேண்டும் போல் இருந்தது.

“பெங்களூர் ரயிலடியில டாக்டருங்க பாத்து அவளை இறக்கிட்டாங்களாம். தொடையில கட்டி. கொட்டகைக்குக் கொண்டுபோயி, வெள்ளிக்கிழமை…” என்று நிறுத்தினாள். “நேத்து தந்தி வந்துது. நாளைக்கு எங்க கூரையைப் பிரிக்க வராங்க.”

நான் அவள் தோளைப் பிடித்தேன். அவள் என் கையை மெல்ல எடுத்துவிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

“நான் பெத்தவ, புத்தி கெட்டுப்போயி ஆறு நாள் கேட்டேன். நீ ஏன் அக்கா குடுத்தே?”